டெலிபதி உண்மையா? நினைத்ததும் போன் வருவதும், சொல்லாமலே புரிவதும்

அம்மாவை நினைத்த அடுத்த நிமிஷமே அவரிடமிருந்து போன் வருகிறது, இது டெலிபதியா, நெருங்கிப் பழகப் பழக, முக்கியமாகக் கணவன் மனைவிக்குள், இந்தச் சக்தி வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். பாதி வேலை வாய் திறக்காமலே நடக்கிற இடம் அது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு நேரடியாகச் செய்தி போகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அப்படி நம்பிய ஒருவரால் மருத்துவத்துக்குப் பெரிய நன்மை கிடைத்திருக்கிறது. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர் 1890களில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டி மேலே ஏறியிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது, நலமாக இருக்கிறாயா என்று கேட்டு. வெகு தூரத்தில் இருந்த சகோதரிக்கு ஏதோ தப்பாகப் பட்டு, அப்பாவை நச்சரித்துக் கொடுக்க வைத்த தந்தி அது. தன் பயம் அலையாகப் போய் அவளைத் தொட்டிருக்கிறது என்று பெர்கர் நம்பினார். அது என்ன சக்தி என்று தேடித்தான் மூளை ஆராய்ச்சியில் இறங்கினார். யேனா நகரில் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார், 1929இல் அதை வெளியிட்டார். இன்று வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கிறோமே இ.இ.ஜி., அது அவர் கொடுத்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய நம்பிக்கைக்கு எதிரான சாட்சியும் அந்த இ.இ.ஜி.தான். அந்த டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தால், "தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். ஏன் தெரியுமா? ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான் தலைத்தோலுக்கு வந்து சேர்கிறது. தோலைத் துடைத்து, பசை தடவி, கம்பியை ஒட்டவைத்து, மெஷினில் பல மடங்கு பெருக்கினால்தான் கோடு விழும். தேங்காய் எண்ணெயே தகராறு செய்கிற இந்தச் சிக்னல், திருநெல்வேலியில் கிளம்பி தாம்பரத்தில் இருக்கும் மகளைத் தேடிப் பிடிக்கும் என்றால் எப்படி?

சரி, அப்படியென்றால் அந்தப் போன்? அம்மாக்கள் பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். சீரியல் முடிந்து, அடுப்படியை ஒதுங்க வைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் ஒரு போன். அந்த நேரம் வந்தால் உங்களுக்கும் அவர் ஞாபகம் வரும், அது தானாக நடக்கிறது. நினைத்தும் போன் வராத சாயங்காலங்களை நாம் கணக்கில் வைப்பதே இல்லை. நினைத்ததும் வந்த ஒரு போனை மட்டும் பத்துப் பேரிடம் சொல்வோம். பெர்கர் கதையிலும் அதே ஓட்டைதான். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று கொடுத்த தந்திக்கு, "எனக்கு ஒன்றுமில்லை, சௌக்கியம்" என்று வந்த பதில்களை யார் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

இதைச் சொல்லிவிட்டு, டெலிபதி மாதிரியே தெரிகிற ஒன்றைத் தினமும் பார்க்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிசேரியன் நடக்கும்போது ஒரு நாள் நீங்கள் உள்ளே வந்து நின்றால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். குழந்தை வெளியே வந்தவுடன் டாக்டர் கையை மட்டும் நீட்டுவார், கண் வயிற்றை விட்டு நகராது. தொப்புள்கொடியைப் பிடிக்க இரண்டு ஆர்ட்டரி இடுக்கி, வெட்ட ஒரு கத்தரிக்கோல். குழந்தையை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கர்ப்பப்பையின் வெட்டு விளிம்பைப் பிடிக்க க்ரீன் ஆர்மிடேஜ் என்கிற இடுக்கி. நஞ்சுக்கொடி வந்ததும் உள்ளே துடைக்க மாப் என்கிற துணி. அப்புறம் நூல் கோத்த நீடில் ஹோல்டர், ஊசி முனை சரியான பக்கம் பார்த்தபடி. முகத்தில் மாஸ்க், தெரிவது கண் மட்டும். இவ்வளவும் முடியும்வரை ஒரு வார்த்தை இருக்காது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், "சார் மனசுல நினைக்கிறது உங்களுக்கு எப்படி சிஸ்டர் தெரியுது?" என்று வாயைப் பிளப்பார்கள்.

சார் மனசு எனக்குத் தெரியாது. சிசேரியனின் வரிசை தெரியும். அந்த டாக்டர் இரண்டு விரலை விரித்தால் கத்தரிக்கோல், தோளைக் கொஞ்சம் தளர்த்தினால் ரத்தக்கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தம். லீவுக்கு அவருக்குப் பதிலாக வேறு டாக்டர் வரட்டும், என் சக்தியெல்லாம் அன்றைக்குப் பறந்துவிடும். அவர் இடது கைக்காரராக இருந்துவிட்டால் நீடில் ஹோல்டரில் ஊசியைத் திருப்பி மாட்ட வேண்டும். எதை எப்போது கேட்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

எல்லாருக்கும் ஒரே நொடியில் செய்தி போகிற கணமும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருக்குமே, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். யாரும் அதை உட்கார்ந்து கேட்பதில்லை. ஆனால் சுருதி இரண்டு படி இறங்கினால் போதும், அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்துவார், டாக்டரின் கை நிற்கும், மயக்க மருந்து டாக்டர் அதற்குள் எழுந்திருப்பார். வெளியாள் ஒருவர் பார்த்தால் மந்திரம் போட்ட மாதிரி இருக்கும், ஏனென்றால் அவர் அந்தச் சத்தத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்.

பெர்லினில் நூறு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஹான்ஸ் இருந்தது. இது குதிரை. கணக்குப் போட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும், ஊரே வாயடைத்து நின்றது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து வெளியிட்டதில் குட்டு உடைந்தது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னை அறியாமல் துளி அசைகிறது, அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்துகிறது. கேட்பவருக்கே விடை தெரியாத கணக்கைக் கொடுத்தால் ஹான்ஸ் திருதிருவென்று முழித்தது. என்னைக் கேட்டால் அந்தக் குதிரை கணக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அந்தக் கண்ணுக்கு என்ன கூர்மை!

ஆனால் சொல்லாமல் புரிந்துகொள்வதில் இவ்வளவு தேறிய நாங்களே, முக்கியமான விஷயங்களை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் இப்போதைய விதி. உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் வேலையை நிறுத்தி, அவரவர் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். நோயாளி யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முடிக்கும்போது மாப், ஊசி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரே சிரிப்பு. வருஷக்கணக்காகப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் "என் பெயர் இன்னது" என்று சொல்வதா! ஆனால் டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ரத்தம் தேவைப்படும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறார். "ரத்தம் வேணும்" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம், அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் அது புரிந்துவிட்டது. பிளட் பேங்க்குக்குப் போன் பண்ணியது யார்? அவள் பண்ணியிருப்பாள் என்று இவள், இவள் பண்ணியிருப்பாள் என்று அவள். அதனால்தான் "நான் பண்றேன்" என்று ஒருத்தி குரல் கொடுக்க வேண்டும், பண்ணிவிட்டு வந்து "சொல்லியாச்சு" என்றும் சொல்ல வேண்டும்.

இப்போது கணவன் மனைவி விஷயம். பழகப் பழக ஊகம் கூடும், அது உண்மை. ஆனால் ஊகத்தைவிட வேகமாக, "எனக்குத் தெரியும்" என்ற தைரியம் கூடிவிடுகிறது. கென்னத் சாவிட்ஸ்கியும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளை முதுகைத் திருப்பி உட்காரவைத்து, இரண்டு அர்த்தம் வரக்கூடிய சாதாரண வாக்கியங்களைச் சொல்ல வைத்தார்கள். "இங்க புழுக்கமா இருக்குல்ல" என்கிற ரகம். ஃபேனைப் போடச் சொல்கிறாரா, கிளம்பலாம் என்கிறாரா? தாங்கள் சொன்னதைத் துணை சரியாகப் பிடித்துக்கொள்வார் என்று தம்பதிகள் நம்பினார்கள். முன்பின் தெரியாதவர்களைவிட அவர்கள் ஒன்றும் சிறப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. "இத்தனை வருஷம் ஆச்சு, நான் சொல்லித்தான் தெரியணுமா?" என்று எத்தனை வீடுகளில் சண்டை நடக்கிறது! தெரியாது என்பதுதான் பதில், பாவம் அந்த மனுஷனுக்கு.

எங்கள் வீட்டில் நான் தியேட்டர் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேன். "கேஸை மூடியாச்சா?" என்று கேட்டால் "ம்" செல்லாது, தலையாட்டலும் செல்லாது. என் கணவருக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. பேப்பரிலிருந்து நிமிராமல், "மூடியாச்சு சிஸ்டர்" என்பார்.