இரு நெருப்புகளுக்கு நடுவே மாடுகள்

கேள்வி: ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ஏப்ரல் கடைசி இரவில் தீப்பந்தம் ஏந்தி ஆடும் பெல்டேன் விழாவைக் காணொளியில் பார்த்தேன். கெல்டிக் மக்களின் வசந்த விழாவாம். எங்கள் தெருவில் போகிக்குப் பழையதை எரிப்பதைப் போன்றதா அது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நெருப்பைப் பார்த்ததும் போகி நினைவுக்கு வருவது இயல்புதான், ஆனால், பெல்டேனுக்கு நம் பக்கத்தில் இணை தேடினால் மாட்டுப் பொங்கலே நெருங்கி வரும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இரண்டுக்கும் நடுவே கடலில் உள்ள மான் (Man) தீவு ஆகிய இடங்களில் மே 1 கோடையின் தொடக்கமாகக் கருதப்பட்டது. மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் பருவமும் அதுவே. ட்ரூயிட் எனப்படும் பூசாரிகள் மந்திரம் ஓதி இரண்டு நெருப்புகளை மூட்டினர் என்றும், நோய் அண்டாதிருக்க மாடுகளை அவற்றின் நடுவே ஓட்டினர் என்றும் இடைக்கால அயர்லாந்தின் பழைய சொல்லகராதி ஒன்று கூறுகிறது.

நாட்டார் வழக்கில் எஞ்சியிருந்ததோ பெரும்பாலும் பாலையும் வெண்ணெயையும் பற்றிய அச்சந்தான். மே தினத்தன்று மாயக்காரிகளும் குறளி இனத்தாரும் வீட்டின் வெண்ணெய்ப் பாக்கியத்தைக் கவர்ந்துவிடுவார்கள் என்று நம்பிய அயர்லாந்துக் குடும்பங்கள், அன்று பால், உப்பு, அடுப்பு நெருப்பு எதையும் வெளியாருக்குக் கொடுக்கவில்லை. தணல் கேட்டு வாசலுக்கு வந்த அண்டை வீட்டுக்காரியைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் கொடுக்க மறுக்கும் வண்ணாரப்பேட்டைப் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வாசலிலும் தொழுவத்திலும் மஞ்சள் பூக்களைத் தூவினர்; முள்மரக் கிளையை நட்டு, அதில் வண்ண நாடாக்களையும் ஈஸ்டருக்குப் பின் சேர்த்துவைத்த முட்டை ஓடுகளையும் கட்டினர். விடியலின் பனிநீரில் முகம் கழுவினால் அழகு கூடும் என்ற நம்பிக்கையும் உண்டு.

ஸ்காட்லாந்தில் கேலண்டர் (Callander) என்ற ஊரின் வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டில் சற்றே கலவரமூட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. ஓட்ஸ் மாவு ரொட்டியைத் துண்டுகளாக்கி, ஒன்றில் மட்டும் கரி பூசித் தொப்பிக்குள் போடுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தக் கரித்துண்டை எடுத்தவன் மும்முறை நெருப்பைத் தாண்ட வேண்டும். பழங்கால நரபலியின் மிச்சம் இது என்று அன்றே எழுதினார்கள்; அதை நம்புமளவுக்குச் சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தாங்கள் பார்த்த கால்டன் குன்று விழா 1988இல் கலைஞர்கள் புதிதாகத் தொடங்கியது. மே அரசி, பசுமை மனிதன் ஆகிய வேடங்களும் பறையொலியும் அதில் உண்டு, மாடுகள்தாம் இல்லை.