பெர்லைட்: மொட்டைமாடி முதல் தோல் பட்டறை வரை

கே: காட்பாடியில் எங்கள் மேல்தளம் மே மாதத்தில் கொதிக்கிறது. பெர்லைட் கலந்த தளம் போட்டால் சூடு குறையுமா?

ப: குறையும், முறையாகப் போட்டால். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடி. அதற்குள் 2 முதல் 5 சதவீதம் நீர் அடைபட்டிருக்கும். உடைத்துச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் விட்டால் கண்ணாடி இளகும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகும், கல் நெல்லைப் போலப் பொரிந்துவிடும். பருமன் 4 முதல் 20 மடங்கு வரை கூடும். ஒரு கனமீட்டர் மணல் சுமார் 1,500 கிலோ. பொரிந்த பெர்லைட் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. அதில் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது.

வேலை கெடுவது மேஸ்திரி கையில்தான். மிக்சரில் ரொம்ப நேரம் சுற்றவிட்டால் மணிகள் நொறுங்கி, காற்றெல்லாம் போய்விடும். சிமெண்டையும் தண்ணீரையும் முதலில் கலந்துகொண்டு, பெர்லைட்டைக் கடைசியில் போட்டுச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தத் தளம் நீரை உறிஞ்சும், பளுவும் தாங்காது. அதனால் மழைநீர் வடிய வாட்டம், மேலே நீர்க்காப்பு, அதன் மேல் வெள்ளை ஓடு, மூன்றும் கட்டாயம். கையில் பணம் குறைவென்றால் இந்த வருடம் வெள்ளைப் பூச்சு மட்டும் அடியுங்கள். அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

கே: வேலூரைச் சுற்றி இவ்வளவு மலை இருக்கிறதே, இங்கே பெர்லைட் கிடைக்காதா?

ப: கிடைக்காது. நம் மலைகள் கருங்கல் வகைப் பாறைகள், 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. எரிமலைக் கண்ணாடிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. காலப்போக்கில் படிகமாகி, பொரியும் குணத்தை இழந்துவிடும். அதனால்தான் கிரேக்கத்தின் மிலோஸ் தீவு, துருக்கி மாதிரி இளம் எரிமலைப் பகுதிகளில் அதை வெட்டுகிறார்கள்.

கே: மாடித்தோட்டத்துக்கு வாங்கிய பெர்லைட் மூட்டையில் பாதி மீதி. எங்கள் கடலை எண்ணெயை வடிகட்ட அதைப் போடலாமா? (குடியாத்தம்)

ப: தயவுசெய்து வேண்டாம். தொட்டி மண்ணில் காற்றோட்டத்துக்குப் போடுவது பெரிய மணி. வடிகட்டியில் போடுவது மாவாக அரைத்து, உணவுத் தரத்தில் தயாரித்தது. பெரிய ஆலைகளில் அந்த மாவை வடிதுணி மேல் மெல்லப் படியவைத்து, அதன் வழியே எண்ணெயைச் செலுத்துவார்கள். உங்கள் செக்கு எண்ணெய்க்கு அதெல்லாம் தேவையே இல்லை. சில நாள் தெளியவிட்டுத் துணியில் வடித்தால் போதும். மீதி மூட்டை தோட்டத்துக்கே இருக்கட்டும். கொட்டும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். தூசி தொண்டையை அறுக்கும்.

கே: தோல் பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தை பெர்லைட் எடுத்துவிடும் என்கிறார் ஒரு வியாபாரி. நிஜமா? (ராணிப்பேட்டை)

ப: அதை நம்பி ஏமாறாதீர்கள். நீரில் கரைந்திருக்கும் குரோமியம் பெர்லைட் வடிகட்டியில் நிற்காது, நேராகக் கடந்து போகும். முதலில் காரம் சேர்த்துக் கார அமிலநிலையை (pH) 8, 9 அளவுக்கு உயர்த்தி, குரோமியத்தைச் சேறாகப் படியவைக்க வேண்டும். காரத்தில் படியாத, நச்சு மிகுந்த அறுமடி குரோமியம் (Cr6+) இருந்தால், அதற்கும் முன்னால் அதைப் படியக்கூடிய மும்மடியாக (Cr3+) மாற்றியாக வேண்டும். பெர்லைட் உதவுவது அப்புறம்தான்: கொழகொழவென்ற அந்தச் சேறு வடிதுணியை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். வடித்து எடுத்த சேறும் அபாயக் கழிவுதான், பெர்லைட்டோடு சேர்த்து. ஏற்கெனவே குரோமியத்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊர் உங்களுடையது. அந்தச் சேற்றை ஏரிக்கரையில் கொட்ட யாரையும் விடாதீர்கள்.