மதியத்துக்குள் குளமாகும் வெள்ளரி சாலட்

காலையில் கலந்து எடுத்துப்போகும் வெள்ளரி, தக்காளி சாலட் மதியம் தண்ணீராகிவிடுகிறது, மேலே தூவிய வேர்க்கடலையும் நமத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் உப்பு செய்யும் வேலை. காய்க்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுத்துவிடும். அதனால் டப்பாவுக்குள் போவதற்கு முன்பே இழுக்க விடுங்கள்.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடுவில் உள்ள கொழகொழப்பான விதையை ஸ்பூனால் வழித்தெடுங்கள். தக்காளிக்கும் அதேதான். நறுக்கிய 2 வெள்ளரிக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசறி, 15 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். கீழே கிண்ணத்தில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். (கொட்டாதீர்கள், மோரில் கலந்தால் அருமை.) அப்புறம் துணியில் ஒற்றி டப்பாவில் போடுங்கள். எலுமிச்சை சாப்பிடும்போது பிழிந்தால் போதும்.

கடலையை வறுத்து, நன்றாக ஆறிய பிறகே தனிச் சிமிழில் மூடுங்கள். சூட்டோடு மூடி நானும் ஏமாந்திருக்கிறேன்.