தந்தையின் எண்

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். எட்டு மாதங்களுக்கு முன் அவருக்குப் பதவி உயர்வுடன் இடமாற்றம் வந்ததால் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தோம். நானும் என் நிறுவனத்தில் கேட்டு இங்குள்ள கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். வேலை நேரம் மாறிவிட்டது. வந்த இரண்டாம் மாதமே மாமனாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, இப்போது அவரும் எங்களுடன் இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் புதிய பள்ளி. கணவர் நல்லவர், சொன்னால் எதையும் செய்வார். ஆனால் புதிய பொறுப்பில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகப் பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் எண் என்ற கட்டத்திலும் என் எண்ணையே எழுதினேன். மாமனாரின் மருத்துவமனையிலும் என் எண்தான் இருக்கிறது. சென்ற மாதம் மகள் விளையாட்டுத் திடலில் விழுந்தபோது நான் கூட்டத்தில் இருந்ததால் பள்ளியின் அழைப்புகளை எடுக்க முடியவில்லை. வீங்கிய மணிக்கட்டுடன் ஒன்றரை மணி நேரம் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தாள். கணவர் வருத்தப்படுவார் என்று இதை அவரிடம் சொல்லவில்லை. இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லாவற்றையும் சமாளிக்க ஒரு நேர அட்டவணை வகுத்துத் தருவீர்களா? அல்லது நான் வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்: நேர அட்டவணை எதையும் நான் தரப்போவதில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தை எப்படிப் பிரித்து வைத்தாலும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது, போகிற போக்கில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிக் கடந்துவிட்ட செய்திதான். தந்தையின் எண்ணை எழுத வேண்டிய கட்டத்தில் உங்கள் எண்ணை எழுதினீர்கள்.

அவருக்கு வேலை அதிகம் என்பதை இதற்குக் காரணமாக நான் ஏற்கமாட்டேன். அந்த எண்ணுக்குப் பள்ளியிலிருந்து நாள்தோறும் அழைப்பு வருவதில்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது, தாயையும் எட்ட முடியவில்லை என்ற நேரத்தில் மட்டுமே அது தேவைப்படும். அப்படிப்பட்ட நேரத்திலும் தந்தையைக் கூப்பிடக் கூடாது என்று நீங்களாகவே முடிவு செய்திருக்கிறீர்கள். அவர் அப்படிக் கேட்டுக்கொண்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் கேட்காத விலக்கை அவருக்குக் கொடுத்துவிட்டு, அதன் சுமையை ஒன்பது வயதுக் குழந்தையின் மீது இறக்கிவைத்தீர்கள்.

அன்று நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஊழியர் முதல் எண்ணை அழைக்கிறார், பதில் இல்லை. அடுத்த கட்டத்தில் உள்ள எண்ணை அழைக்கிறார். கூட்டத்தில் உங்கள் முன்னால் ஒலியடக்கி வைக்கப்பட்டிருக்கும் அதே கைப்பேசிதான் மறுபடியும் அதிர்கிறது. இன்னும் முகங்கள்கூடப் பழகாத பள்ளியில், வீங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் அம்மாவா என்று நிமிர்ந்து பார்த்தபடி அந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தந்தை அதே நகரத்தில், நல்ல உடல்நலத்துடன், அழைத்தால் எழுந்து வரக்கூடிய ஓர் அலுவலகத்தில் இருந்தார். மகள் தன்னை எதிர்பார்க்கலாம் என்பதே அவருக்குத் தெரியாமல் போனது.

அதற்குப் பிறகும் அவரிடம் மறைத்தீர்கள். கணவர் வருத்தப்படுவார் என்கிறீர்கள், வருத்தப்படட்டும். மகளின் கை வீங்கியதற்கு வருந்துவது தந்தையாக இருப்பதன் ஒரு பகுதி, அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் நீங்கள் வாய்விட்டுச் சொன்னீர்களோ இல்லையோ, அவள் புரிந்துகொண்டிருப்பாள். அடிபட்டாலும் அப்பாவைக் கூப்பிடக் கூடாது என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

உங்கள் தூக்கமின்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1967ஆம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனிதர் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும் 43 வாழ்க்கை மாற்றங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் பாரத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். துணையின் மரணத்துக்கு 100. குடும்பத்தில் ஒருவர் உடல்நலம் குன்றுவதற்கு 44. புதிய உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வருவதற்கு 39. அது பிறந்த குழந்தையாக இருந்தாலும், உடன் வாழ வரும் முதியவராக இருந்தாலும் ஒரே எண்தான். வீடு மாறுவதற்கு 20, வேலை நேரம் மாறுவதற்கு 20. உங்களுக்கு மட்டும் கூட்டிப் பார்த்தால் 123 வருகிறது. அதுவும் எட்டே மாதங்களில். உங்கள் கணவருக்கும் கூட்டிப் பார்த்தேன். உங்கள் நான்கில் வேலை நேரம் தவிர மற்ற மூன்றும் அவருக்கும் உண்டு. பணிப் பொறுப்பு மாறியதற்கு 29 சேர்த்தால் 132. அவர் நெருக்கடியில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. நீங்களும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறீர்கள்; ஆனால் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த வீட்டில் ஒருவரும் எந்தக் கட்டத்தையும் மாற்றி நிரப்பவில்லை.

சொன்னால் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை எத்தனையோ கடிதங்களில் படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனைவி அதைக் கணவரின் பெருமையாகவே எழுதுகிறார். பதவி உயர்வு பெற்றுப் பலருக்கு மேலே அமர்ந்திருக்கும் உங்கள் கணவர், தம் கீழே பணிபுரிகிறவர் ஒவ்வொன்றையும் சொன்னால்தான் செய்வேன் என்று காத்திருந்தால் ஒரு வாரமாவது பொறுத்துக்கொள்வாரா? கவனிப்பதும், நினைவில் வைத்திருப்பதும், எது எப்போது தீரும் என்று முன்கூட்டி யோசிப்பதும்தான் வீட்டு வேலையில் பெரும்பகுதி. அதை நீங்கள் முடித்துக் கொடுத்தபின் எஞ்சும் சிறு பகுதியை அவர் செய்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படுத்திருப்பவர் அவருடைய தந்தை. பெற்றவரைப் பேணுவது முதலில் பிள்ளையின் கடமை, மருமகள் அதில் துணை நிற்பவள் என்பது என் உறுதியான கருத்து. தந்தை உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர் மகனுக்குத் தெரியுமா? மருத்துவமனையில் அவர் எண்ணே இல்லாதபோது தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், இதில் ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை பக்கவாதம் கண்டவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூளை இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் பரிசோதனைகளும் முடிய வேண்டும். மகளின் மணிக்கட்டு ஒன்றரை மணி நேரம் பொறுத்தது. மாமனாருக்கு அதே ஒன்றரை மணி நேரம் கடந்துபோனால், கூட்டம் முடிந்து நீங்கள் கைப்பேசியை எடுக்கும்போது என்ன செய்ய முடியும்?

ஆகவே முதல் வேலை, இன்றிரவே கணவரிடம் மணிக்கட்டு விவகாரத்தை முழுமையாகச் சொல்வது. குறைகூறும் குரலும் வேண்டாம், அவருக்காக நீங்களே சமாதானம் தேடித் தருவதும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லி, அவர் எண்ணை ஏன் எழுதவில்லை என்பதையும் சொல்லுங்கள். நாளை பள்ளிக்கு அவரே போய்த் தம் எண்ணைத் தம் கையால் எழுதிவிட்டு வரட்டும், வகுப்பாசிரியரையும் பார்த்துவிட்டு வரட்டும். மருத்துவமனையிலும் அப்படியே.

அடுத்து, அவர் தந்தையின் மருத்துவம் முழுவதையும் அவரிடம் ஒப்படையுங்கள். எந்த மாத்திரை தீரப்போகிறது என்று கவனிப்பதிலிருந்து, வாங்கி வருவது, மருத்துவரைப் பார்க்கும் நாளை நினைவில் வைப்பது, உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் பேசுவது வரை அத்தனையும். கிழமைவாரியாக அறைகள் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி அவரே நிரப்பட்டும். மருந்து விஷயமாதலால் முதல் சில வாரங்கள் நீங்களும் ஒரு பார்வை பார்க்கலாம். மற்றவற்றில் பின்னால் நின்று சரிபார்க்காதீர்கள். நானே செய்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று உங்களுக்குத் தோன்றும், உண்மையிலேயே சீக்கிரம் முடியும். அந்த அவசரத்தில்தான் எட்டு மாதங்களாக எல்லாம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். இந்த நிலையில் விடாதீர்கள். தூக்கமில்லாத ஒருவர் எடுக்கும் முடிவு அது. இன்னும் ஆறு மாதங்களுக்காவது ராஜினாமாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். நீங்கள் விலகினால் வீட்டிலுள்ள எல்லாக் கட்டங்களிலும் உங்கள் எண் நிரந்தரமாகிவிடும், குடும்பம் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் நிலையும் வரும். அதற்கு முன் நேரத்தை மாற்றிக் கேளுங்கள், நீங்கள் மட்டுமல்ல, அவரும் தம் அலுவலகத்தில் கேட்கட்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1965இல் குடும்பப் பொறுப்புள்ள பணியாளர்களைப் பற்றிப் பரிந்துரை ஒன்றை வெளியிட்டபோது அது பெண்களை மட்டுமே கருதியது. 1981இல் அதே அமைப்பு நிறைவேற்றிய 156ஆம் உடன்படிக்கை ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். குடும்பப் பொறுப்பு என்பதை மட்டுமே காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், தந்தை நோயுற்றிருக்கிறார், வாரத்தில் ஒருநாள் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்பதில் ஓர் ஆண் வெட்கப்பட எதுவும் இல்லை. மனைவி வேலையையே விட்டுவிட வேண்டுமா என்று யோசிக்கும் வீட்டில், கணவர் இன்னும் ஒருமுறைகூடச் சலுகை கேட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

தூக்கமின்மை இன்னும் சில வாரங்களில் குறையவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்; அந்தச் சந்திப்புக்குக் கணவரும் உடன் வரட்டும்.

நீங்கள் சொல்லியும் அவர் பள்ளிக்குப் போக மறுத்தால், என்ன சொல்லி மறுத்தார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிலை நான் அவருக்கு எழுதுகிறேன்.