சலாம் சொன்னால் விசுவாசம் போகுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கட கந்தோரில வேலை செய்யிற முஸ்லிம் நானா ஒருத்தர் காலமை கண்டவுடன 'அஸ்ஸலாமு அலைக்கும்' எண்டுவார். நானும் 'வ அலைக்கும் ஸலாம்' எண்டு சொல்லிப்போட்டு வேலையைப் பாப்பன். 2 யோவானைக் காட்டி, இது பாவம் எண்டு சபையில சொல்லீனம். விட வேணுமோ? (வவுனியா)

பதில்: விட வேண்டியதில்லை. அந்தச் சலாத்தின் கருத்து, 'உங்கள் மீது சமாதானம் உண்டாகட்டும்' என்பதே. 2 யோவான் 10, 11ஆம் வசனங்கள் சிலருக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் 7ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுத்து, ஊர் ஊராகப் போதித்துத் திரிந்தவர்களுக்கு வீட்டைத் திறந்து ஆதரவு கொடுக்காதீர்கள் என்பதே அங்குள்ள பேச்சு. பக்கத்து மேசைக்காரரைப் பற்றியது அல்ல. அயலவர் விடயத்தில் பொருந்துவது மத்தேயு 5:47. தன் சகோதரரை மட்டும் வாழ்த்துகிறவன் என்ன பெரிதாகச் செய்துவிட்டான் என்று அங்கே இயேசு கேட்கிறார். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் சமாதானம் சொல்லுங்கள் என்று சீடருக்குச் சொன்னதும் அவரே (லூக்கா 10:5). அரபு நாட்டுத் தேவாலயங்களில் குருவானவர் சபையைப் பார்த்து இன்றும் 'ஸலாம்' என்ற சொல்லால்தான் சமாதானம் கூறுகிறார்.

ஆனால் வன்னி பெய்ரூட் அல்ல. இங்கே முழுச் சலாத்தையும் நீங்களாக முந்திச் சொன்னால், அறியாதவர் உங்களை முஸ்லிம் என்றே எடுப்பார். தெரிந்தவருக்குப் பதில் சொல்வது மரியாதை. தெரியாதவருக்கு 'வணக்கம்' போதும்.

இரண்டு நுணுக்கம். சிலர் அவசரத்தில் 'ஸாமு அலைக்கும்' என்று விழுங்கிவிடுகிறார்கள். அரபியில் 'ஸாம்' என்றால் மரணம். ஆகவே 'ஸலாமு' என்பதில் 'லா'வை நீட்டிச் சொல்லுங்கள். மதீனாவில் சிலர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னதாகவும், அதற்கு 'வ அலைக்கும்' ('உங்கள் மீதும்') என்று மட்டும் பதில் கொடுக்கும்படி நபிகள் சொன்னதாகவும் ஹதீஸ் (நபிகளின் சொல், செயல் பற்றிய பதிவு) உண்டு. அதைப் பின்பற்றும் சில முஸ்லிம்கள் உங்களுக்கும் அந்தச் சுருக்கப் பதிலையே தரலாம். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மகன் முஸ்லிம் கூட்டாளிமாரோட படிக்கிறான். வாயைத் திறந்தால் 'இன்ஷா அல்லாஹ்', 'மாஷா அல்லாஹ்'. கத்தோலிக்கப் பிள்ளை இப்பிடிக் கதைக்கலாமோ? (முருங்கன்)

பதில்: 'இன்ஷா அல்லாஹ்' சொல்லும் கருத்து யாக்கோபு 4:13–15இலும் இருக்கிறது: நாளைக்கு இதைச் செய்வேன் என்று பெருமை பேசாதே, ஆண்டவர் சித்தமானால் என்று சொல். குர்ஆன் 18:23–24 சொல்வதும் ஏறக்குறைய அதுவே. 'அல்லாஹ்' என்ற சொல்லைக் கண்டும் பயப்படத் தேவையில்லை. 1865இல் முழுமையாக வெளிவந்த அரபு வேதாகமத்திலும், இந்தோனேசிய வேதாகமத்திலும் கடவுளுக்கு அந்தச் சொல்தான். மலேசியாவில் அதே சொல்லுக்காகக் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்று வழக்காடி, 2014இல் உச்ச மட்டத்தில் தோற்றது. 2021இல் வேறொரு வழக்கில், கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் சமயக் கல்விக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் திருச்சபையும் 1964இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடான 'லூமன் ஜென்சியும்' 16ஆம் பிரிவில், முஸ்லிம்கள் நம்மோடு ஒரே இரக்கமுள்ள இறைவனை வழிபடுவதாக எழுதிவிட்டது. அதனால் திரித்துவத்தில் உள்ள வேறுபாடு கரைந்துவிட்டது என்று பொருளல்ல.

கூட்டாளிமாரோடு சொல்லட்டும். கோயிலிலும் வீட்டிலும் 'கடவுள் சித்தமானால்' இருக்கிறதே. செய்ய மனமில்லாத வேலைக்கு நழுவலாக 'இன்ஷா அல்லாஹ்' சொல்லப் பழகினால் மட்டும் கண்டியுங்கள். அதை முஸ்லிம் பெற்றோரும் கண்டிப்பார்கள்.

கோடு போட வேண்டிய இடம் வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் வன்னியின் உட்புறங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு முஸ்லிம் அயல் இருக்கவில்லை. சலாமும் கலிமாவும் (இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்) அவர்கள் காதில் ஒரே மாதிரித்தான் விழுகின்றன. கலிமாவின் முதற்பாதி, இறைவன் ஒருவனைத் தவிர வேறு இறைவன் இல்லை என்பது. அதில் கிறிஸ்தவருக்குத் தகராறு இல்லை. முஹம்மது அவனுடைய தூதர் என்ற மறுபாதியோ ஒருவரை முஸ்லிம் ஆக்கும் சாட்சியம். பகிடிக்கும் சொல்ல வேண்டாம். நமக்கும் அழகல்ல, அவர்களுக்கும் நோகும். நபிகளின் பெயருக்குப் பின் வரும் 'ஸல்' அவருக்கான பிரார்த்தனை. கிறிஸ்தவர் 'நபிகள் நாயகம்' என்று எழுதினாலே மரியாதை நிறைந்துவிடும்.

கேள்வி: கோழிக்கடை வைச்சிருக்கிறன். 'பிஸ்மில்லாஹ்' (அல்லாஹ்வின் பெயரால்) சொல்லி அறுத்து, 786 எண்டு ஒட்டினால் முஸ்லிம் ஆக்களும் வாங்குவினம் தானே? (முள்ளியவளை)

பதில்: வேண்டாம். அது ஏமாற்று. நினைத்தபடி வேலையும் செய்யாது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். அந்தச் சட்டத்தில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபடுவது கட்டாயம். 'பிஸ்மில்லாஹ்' சொல்வது சுன்னத்து, அதாவது நல்லது, ஆனால் கட்டாயமல்ல. ஆகவே பெரிய கேள்வி யார் அறுத்தார் என்பதே. வேதக்காரரின் (யூதர், கிறிஸ்தவரின்) உணவைக் குர்ஆன் 5:5 அனுமதித்தாலும், ஷாஃபி நூல்கள் அறுப்பவரின் வம்சாவளிக்கு வைக்கும் நிபந்தனைகளுக்குள் தமிழ்க் கிறிஸ்தவர் அடங்குவது கடினம். 786 என்பது பிஸ்மில்லாஹ் வசனத்தின் எழுத்துகளுக்குரிய எண்களின் கூட்டுத்தொகை. அதை ஏற்காத உலமாக்களும் உண்டு.

முஸ்லிம் ஒருவரை அறுக்க வையுங்கள். அறுத்த கோழி உயிர் அடங்கும் முன் சுடுதண்ணீரில் போடப்படக் கூடாது. அவசரத்தில் அதிகம் பிழைப்பது இந்த இடத்தில்தான். அவர் வராத நாளில் 'ஹலால்' பலகையைக் கழற்றி வையுங்கள். அந்தக் கோழியைக் கிறிஸ்தவர் வாங்கிச் சாப்பிடலாமா என்றால், சந்தையில் விற்பதை விசாரியாமல் சாப்பிடுங்கள் என்ற 1 கொரிந்தியர் 10:25 போதும்.

கேள்வி: ஊழியத்துக்காக 'நானும் முஸ்லிம்தான், ஈஸாவைப் பின்பற்றுறன்' எண்டு சொல்லலாமோ? (செட்டிகுளம்)

பதில்: முஸ்லிம்களோடு கதைக்கும்போது 'ஈஸா நபி' என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்பது உடனே விளங்கும்; அதில் பிழையில்லை. ஆனால் அவர்கள் அவரை நபியாகக் கொள்கிறார்கள், கடவுளின் குமாரனாக அல்ல. அதை மறைத்துக் கதைக்காதீர்கள். 'நானும் முஸ்லிம்' என்பது பொய். 1998இல் மிஷன் சஞ்சிகையொன்றில் முஸ்லிம்கள் நடுவே உள்ள கிறிஸ்து விசுவாசிகளின் கூட்டங்களை வகைப்படுத்தும், சி1 முதல் சி6 வரை ஓர் அளவுகோல் வெளிவந்தது. இயேசுவை ஏற்றபின்னும் முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே இருப்பவர்களை அது சி5 என்கிறது. அது அங்கே பிறந்தவர்களைப் பற்றிய விவாதம். தொப்பி போட்டு உள்ளே போகும் வெளியாளுக்கு அதில் இடமில்லை.

கேள்வி: சிலாவத்துறையில ஒரு மையித்து (செத்த) வீட்டுக்குப் போகோணும். என்ன சொல்லுறது? (மடு)

பதில்: 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' (குர்ஆன் 2:156) என்பதன் கருத்து, நாம் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே திரும்புவோம் என்பது. சொன்னால் குற்றமில்லை. நாக்குப் புரளாவிட்டால் 'ஆண்டவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்' என்று தமிழிலேயே சொல்லுங்கள்; முஸ்லிம்களும் 'ஆண்டவன்' என்பார்கள். மலர்வளையம் கொண்டுபோக வேண்டாம். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையின்போது வரிசையில் சேராமல் ஒதுங்கி நில்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள், ஆகையால் செய்தி கேட்டதும் புறப்படுங்கள்.