யூரியாவோடு எந்தத் தடுப்பானைக் கலப்பது?

கேள்வி: மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் வரிசைகளுக்கு நடுவே யூரியாவை மேலாகத் தூவுகிறேன். முந்தைய பயிரின் தட்டை மூடாக்காகக் கிடக்கிறது. உரம் வீணாகாமல் இருக்க யூரியேஸ் தடுப்பான், நைட்ரேட் தடுப்பான் என இரண்டு வகை சொல்கிறார்கள். எதை வாங்குவது? இரண்டும் வேண்டுமா?

பதில்: உங்கள் நிலத்தில் தழைச்சத்து எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். மேலே ஆவியாகப் போவதற்கு ஒரு மருந்து, கீழே நீரோடு இறங்குவதற்கு வேறு மருந்து. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஆவியாவதுதான் பெரிய இழப்பு. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதி மண்ணைவிடத் தட்டையில் அதிகம். பனி ஈரத்தில் குருணை தட்டைமேலேயே கரையும், சுற்றிலும் காரத்தன்மை ஏறும், வெயில் வந்ததும் அம்மோனியா பறந்துவிடும். மண்ணின் கார அமில நிலை 7-க்கு மேல் இருந்தால் இன்னும் மோசம். இதற்கு என்.பி.பி.டி. என்ற யூரியேஸ் தடுப்பான் பொருந்தும். சுமார் 7 முதல் 14 நாள் வரை தாக்குப்பிடிக்கும். அமில மண்ணில் சீக்கிரமே சிதைந்துவிடும். அதற்குள் மழையோ பாசனமோ யூரியாவை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும்.

தூவிய ஓரிரு நாளில் 12 மி.மீ. அளவு நீர் கொடுக்க முடியும், அல்லது உரத்தைச் சாலில் போட்டு மண் அணைத்துவிட முடியும் என்றால் மருந்தே வேண்டாம். என் ஓட்டு அதற்குத்தான். அம்மோனியம் சல்பேட்டுக்கும் என்.பி.பி.டி. வீண் செலவு, அதில் யூரியாவே இல்லை.

நைட்ராபைரின், டி.சி.டி., டி.எம்.பி.பி. ஆகியவைதான் நீங்கள் சொல்லும் நைட்ரேட் தடுப்பான்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியமானது, நீரோடு எளிதில் இறங்கிவிடும் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துபவை. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் இந்தப் பக்கம்தான். மணற்பாங்கான நிலத்திலோ நீர் தேங்கும் களிமண்ணிலோ முழு உரத்தையும் விதைப்பிலேயே போடுபவருக்கு இவை உதவும். முழங்கால் உயரப் பயிர் தழைச்சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் மேலுரத்தில் இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. அதோடு, இவற்றை மட்டும் கலந்து மேலாகத் தூவினால் அம்மோனியம் மேல்மண்ணிலேயே அதிக நாள் நின்று ஆவியாவது கூடவும் செய்யலாம்.

வாங்கும்போது லேபிளில் செயல்படு பொருளின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். "தழைச்சத்தைக் காக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், ஒரு சோதனை. சில வரிசைகளுக்கு மருந்து கலந்த யூரியா, பக்கத்திலேயே அதே அளவு வெறும் யூரியா. இரண்டிலும் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போடுங்கள். தாராளமாகப் போட்ட நிலத்தில் மிச்சமான உரம் கதிரில் தெரியாது. தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள்.