செல்ஃப் ‘டக்’ என்று நின்றால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்குங்க. தோப்புக்குள் சுற்றிவரவும் உர மூட்டை எடுத்துப் போகவும் கோயமுத்தூர்க் கடை ஒன்றில் 110 சிசி ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர பைக்) வாங்கினோம். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். மழைக்காலத்தில் ஒரு மாதம் எடுக்காமல் நிறுத்தியிருந்தோம். இப்போது பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். கடைக்குப் போன் போட்டால், “செல்ஃப் மோட்டார் போயிருக்கும், 6,500 ரூபாய் ஆகும், வாரண்டி முடிஞ்சு போச்சு” என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். வண்டியைக் கண்ணால் பார்க்காமல், மீட்டர் வைக்காமல் போனிலேயே சொன்ன தீர்ப்பு அது. அதை நம்பி ஆறாயிரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் ‘டக்’ சத்தம் வருவது மோட்டாரிலிருந்து அல்ல, ஸ்டார்ட்டர் ரிலேயிலிருந்து (பட்டனை அழுத்தினால் பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு விடும் சுவிட்ச் அது). சத்தம் கேட்கிறது என்றாலே சாவி, பியூஸ், பட்டன் எல்லாம் ஓரளவு சரியாக இருக்கின்றன. (சத்தமே வராவிட்டால்தான் அவற்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சின்ன ஏடிவிகளில் பிரேக் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் மண் அடைத்துக்கொண்டு வண்டி கிளம்பாமல் நிற்பது ரொம்ப சாதாரணம்.)

ஒரு மாதம் நின்ற வண்டி என்கிறீர்கள். அதனால் என் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியை நியூட்ரலில் போட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரி முனைகளில் பிடியுங்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். 9, 8 என்று சரிந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. முதலில் சார்ஜ் போடுங்கள். இந்த வண்டிகளில் இருப்பது சின்ன பேட்டரி. 4 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியருக்குள் மெதுவாக ஏற்ற வேண்டும். டிராக்டர் பேட்டரி சார்ஜரை மாட்டினால் சூடாகி உப்பிவிடும். முழுக்க சார்ஜ் ஏறிய பிறகும் வோல்ட் சரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள். புது பேட்டரி போட்டும் அப்படியே சரிந்தால் மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று பொருள்.

பட்டனை அழுத்தும்போதும் வோல்ட் 12-க்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் கரண்ட் வழியில் எங்கோ நிற்கிறது. கறுப்பு முனையை மோட்டார் உடம்பிலும் சிவப்பு முனையைத் தடித்த ஒயர் மோட்டாரில் சேரும் போல்ட்டிலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் கோளாறு மோட்டாரில். வரவில்லை என்றால் ரிலேயின் உள்முனை கருகியிருக்கும், அல்லது எர்த் ஒயர் விட்டிருக்கும். ரிலே என்பது மோட்டார் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வண்டியை உரம் அடுக்கும் சாளையிலா நிறுத்துகிறீர்கள்? பொட்டாஷ் ஒரு உப்பு. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, பக்கத்தில் இருக்கும் இரும்பையும் செம்பையும் அரிக்கும். எர்த் ஒயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். பேட்டரி முனைகளுக்கும் இதேதான். கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்கிற்குப் பக்கத்தில் பெரிய தீப்பொறி பறக்கும். கியரில் இருந்தால் வண்டி ஆள் மேலேயே பாயும்.

மோட்டார்தான் என்று உறுதியானாலும் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. பல நேரம் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னத் துண்டு) தேய்ந்திருக்கும். பம்ப் மோட்டார் வைண்டிங் கடைக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன? அங்கேயோ ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடமோ கழற்றிக் காட்டுங்கள். புதிதுதான் வேண்டும் என்றால் பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போங்கள். 110 சிசி மோட்டார்களில் இரண்டு போல்ட், மூன்று போல்ட் என்று வகை உண்டு. போட்டோ பார்த்து ஆன்லைனில் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். பதிவு இல்லாத ஏடிவியை ரோட்டில் ஓட்டிப் போகக் கூடாது, கடைக்குக் கொண்டுபோவதென்றால் குட்டியானையில் ஏற்றித்தான் போக வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி கிளம்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் சார்ஜிங் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

கடைக்காரர் விஷயம்: மோட்டார் போய்விட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். மாற்றினால் பில்லும் வேண்டும், கழற்றிய பழைய பாகமும் வேண்டும். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மோட்டார் நன்றாக இருந்தும் மாற்றிப் பணம் வாங்கியிருந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: கோபியில் ஒருவர் பழைய ஏடிவியை விற்கிறார். பையனுக்குப் பத்து வயது. வாங்கலாமா?

பதில்: பையனுக்கென்றால் வேண்டாம். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஏடிவி ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வண்டி கவிழ்ந்தால் அதன் எடை முழுக்கப் பிள்ளை மேல் விழும். தோட்ட வேலைக்கு நீங்களே ஓட்டுவதென்றால், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருந்து செல்ஃப் போடச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கும் பழைய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது கடினம், அவர் வியாபாரி அல்ல. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.